நிலமும் பொழுதும் முகமும்

நுழையும்முன்

கைப்பேசி பரவலான பின் ஒளிப்படம் எடுக்காதவர் அரிது. ஆயினும், எடுத்த படங்களுள் ஆண்டுகள் பல கழிந்தும் மீண்டும் பார்க்கத் தூண்டுவன சிலவே. ஒருவரின் முகமும், அதன்மீது விழும் ஒளியும், அவர் நிற்கும் இடமும் பொருந்தி அமையும்போது உருவப்படம் நிலைபெறுகிறது. நகரத்தின் திறந்தவெளியில் அத்தகைய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சேலையூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

அரங்கிலிருந்து வெளிக்கு

பிரான்சு நாட்டின் தாகேர் கண்டறிந்த ஒளிப்பட முறை 1839ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அக்கலை விரைவில் சென்னையிலும் கால்கொண்டது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் பின்னர் ஒளிப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் 1857, 1858ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கட்டடங்களைப் பதிவு செய்தார்.

கட்டடங்கள் அசையாமல் நின்றன. மனிதர்களை நெடுநேரம் அசையாமல் நிறுத்துவது கடினமாக இருந்தது. ஆகவே, உருவப்படங்கள் பெரிதும் ‘ஸ்டுடியோ’ எனப்பட்ட ஒளிப்பட நிலையங்களிலேயே எடுக்கப்பட்டன. கண்ணாடிக் கூரை வழியே வந்த ஒளியைத் திரைகளால் மட்டுப்படுத்தினர். படிக்கட்டு, தூண், பூந்தோட்டம் ஆகியன தீட்டப்பட்ட திரையின் முன்னே மக்கள் அமர்ந்தனர். தம் வீட்டில் இல்லாத மாளிகையைத் தம் படத்திலேனும் காண அவர்கள் விரும்பினர்.

இதற்கு மாறான ஒரு வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கிலேய அரசின் வெளியீட்டில் மனிதர்கள் சாதியாகவும் இனக்குழுவாகவும் வகைப்படுத்தப்பட்டனர். படத்தில் இருப்பவரின் பெயரைவிட அவர் சார்ந்த குழுவின் பெயரே அங்கு முதன்மை பெற்றது. தம் பெயரிலிருந்தும் வாழிடத்திலிருந்தும் பிரிக்கப்பட்ட மனிதர் அருங்காட்சியகப் பொருள்போல் தோன்றினார். உருவப்படத்தில் இடம் என்பது அழகு சேர்க்கும் பின்திரை மட்டுமன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. அது, படத்தில் இருப்பவர் யார் என்பதைச் சொல்லும் சான்றும் ஆகும்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. அந்நிலத்துக்கு உரிய மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் மனவுணர்வு சார்ந்த ஒழுக்கம் உரிப்பொருள். அகப்பாடலுக்குரிய இப்பகுப்பு, திறந்தவெளியில் உருவப்படம் எடுப்போருக்கும் நல்லதொரு வழிகாட்டி. இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பொழுதை மறந்தவரின் உழைப்பு வீணாகும். ஒரே மரத்தடி காலையில் ஒருவகையாகவும் நண்பகலில் வேறுவகையாகவும் முகத்தைக் காட்டும்.

நண்பகல் ஒளி உச்சியிலிருந்து விழுகிறது. அதனால் கண்குழிகளிலும் மூக்கின் கீழும் அடர்ந்த நிழல் படிகிறது. காலையிலும் எற்பாட்டிலும் ஒளி தாழ்ந்து, பக்கவாட்டில் வருகிறது. அது முகத்தின் மேடு பள்ளங்களை மென்மையாக எடுத்துக்காட்டும். ஞாயிறு வானில் ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றுகிறது. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ள சென்னையில் அது ஏறத்தாழச் செங்குத்தாக மேலெழுவதால் மென்மையான ஒளி நெடுநேரம் நீடிப்பதில்லை. எனவே, இடத்தை முன்னாளிலேயே பார்த்து வைத்தல் வேண்டும். படம் எடுக்கவிருக்கும் அதே நேரத்தில் சென்று, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, எந்தக் கட்டடத்தின் நிழல் எங்கு விழுகிறது எனக் குறித்துக்கொள்வது நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து மேகமூட்டத்தைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. மேகம் வானம் முழுவதும் விரிந்த வெண்திரையாகி ஒளியைப் பரப்புகிறது. நிழலின் கடுமை குறைவதால் அத்தகைய நாள்களில் நண்பகலிலும் முகங்களைப் படமெடுக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை நண்பகல் ஞாயிறு நேர் உச்சிக்கு வரும். சென்னையில் இது ஏப்ரல் மாத இறுதியிலும் ஆகஸ்டு மாத நடுப்பகுதியிலும் நிகழ்கிறது. அந்நாள்களில் நேராக நாட்டிய கோலின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். முகத்தைப் படமெடுக்க மிகவும் பொருந்தாத வேளை அதுவே.

சேலையூரைச் சுற்றி

சேலையூர், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சார்ந்த பகுதி. காடும் ஏரியும் வயலும் இருந்த நிலத்தில் வீடுகளும் கடைகளும் நெருங்கி எழுந்த புறநகர் இது. பழைய நிலத்தின் தடங்களும் புதிய நகரத்தின் நெருக்கமும் இங்கு அருகருகே காணப்படுகின்றன.

1837இல் தோன்றிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி, நூறாண்டுகளுக்குப் பின் 1937இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. அதன் வளாகம் ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புடையது. சேலையூர்க் காட்டின் எஞ்சிய புதர்க்காடும், பின்னர் நடப்பட்ட மரங்களும் அங்குச் செறிந்துள்ளன. மாணவர் விடுதிகளுள் ஒன்று சேலையூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இத்தகைய மரச்செறிவில் ஒளியைத் தெரிந்து பயன்படுத்த வேண்டும். இலைகளின் இடைவெளி வழியே விழும் ஒளிப்புள்ளிகள் முகத்தில் திட்டுத்திட்டாகப் படியும். அடர்ந்த பசுமையில் எதிரொளித்த ஒளி தோலின் நிறத்தையும் மாற்றும். நிழல் முடியும் விளிம்பில், திறந்த வானத்தை நோக்கி ஒருவரை நிறுத்தினால் இவ்விரண்டு குறைகளும் பெரிதும் நீங்கும்.

சேலையூர் ஏரி போன்ற நீர்நிலைகளின் கரைகள் வேறுவகை ஒளியைத் தருகின்றன. தாழ்ந்த ஞாயிற்றின் ஒளி நீர்ப்பரப்பில் பட்டு மேல்நோக்கித் திரும்பி, முகத்தின் நிழற்பகுதிகளை நிரப்புகிறது. தென்சென்னைப் புறநகர் ஏரிகள் பலவற்றின் மிகைநீர் சென்றடையும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் தங்கும் இத்தகைய இடங்களில் ஓசையெழுப்புவதும் குப்பை விட்டுச்செல்வதும் தகாத செயல்கள். வழுக்கும் கரையில் நின்று பின்னோக்கி நடந்தபடியே படமெடுப்பது உயிருக்கும் கேடு தரும்.

சேலையூருக்கு அண்மையில் உள்ள மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. அதன் விமானம் தூங்கானை மாட வடிவில் அமைந்தது. வளைந்த கற்சுவரில் ஒளி ஒரு முனையில் மிகுந்து, மறுமுனை நோக்கிச் சிறிதுசிறிதாகத் தேய்ந்து செல்லும். தட்டையான சுவரில் கிடைக்காத ஆழத்தை இது படத்திற்குத் தருகிறது. எனினும், இது வழிபடும் இடம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னமும் ஆகும். வழிபடுவோரின் அமைதிக்கு இடையூறின்றி, உரிய விதிகளைக் கேட்டறிந்த பின்னரே அங்குப் படமெடுத்தல் முறை.

கருப்பொருள்: பின்புலத்தின் பேச்சு

முகத்தின் பின்னே என்ன இருக்கிறது என்பதைப் பலர் படம் எடுத்த பின்னரே கவனிக்கின்றனர். கேம்ப் ரோடு சந்திப்பு போன்ற நெரிசலான இடத்தில் மின்கம்பிகள், விளம்பரப் பலகைகள், விரையும் ஊர்திகள் எல்லாம் பார்வையை இழுக்கும். தலைக்கு மேல் கம்பம் முளைத்ததுபோல் தோன்றுவதும் உண்டு. இரண்டடி இடம் மாறி நின்றாலே இக்குறை தீரும். படத்துக்குரியவர் சுவரை ஒட்டி நில்லாமல் சில அடிகள் முன்னே வந்து நின்றால், பின்புலத்தின் தெளிவு குறைந்து முகம் மேலோங்கும். கைப்பேசியை முகத்திற்கு மிக அருகில் கொண்டுசென்றால் மூக்கு பெருத்தும் செவிகள் சிறுத்தும் தோன்றும். சற்று விலகி நின்று எடுத்தால் முகத்தின் இயல்பான அளவு மாறாது.

பின்புலத்தை முற்றிலும் மறைப்பது எப்போதும் சிறந்ததன்று. பூக்கட்டும் பெண்ணைப் பூங்காவில் நிறுத்தினால் அவர் எவரோ ஒருவராகிவிடுவார். அவர் அன்றாடம் அமரும் கடையில், நாரும் பூக்கூடையும் சூழ எடுத்தால் அவருடைய உழைப்பும் திறனும் படத்தில் இடம்பெறும். தையற்காரருக்குச் சன்னலோரத் தையல் எந்திரமும், மாணவிக்கு அவர் படிக்கும் மொட்டைமாடியும் தொலைவிலுள்ள எழில்மிகு இடங்களைவிடப் பொருத்தமானவை.

உரிப்பொருள்: இசைவும் இயல்பும்

இடம் எத்துணை அழகியதாயினும் படத்துக்குரியவர் அங்கு இயல்பாக இருக்க முடியாவிட்டால் பயனில்லை. பலர் கூடி வேடிக்கை பார்க்கும் தெருவில் கூச்சமுள்ள ஒருவரின் முகம் இறுகிவிடும். முதியவருக்கு நெடுந்தொலைவு நடப்பதும் வெயிலில் நிற்பதும் இயலாது. ஆகவே, “உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்?” என்று அவரையே முதலில் கேட்பது இடத்தேர்வின் தொடக்கமாகும். அறிமுகமற்றவரைப் படமெடுக்கவும் அப்படத்தைப் பிறருக்கு அனுப்பவும் அவருடைய இசைவு தேவை. அவர் மறுத்தால் ஒளிப்படக் கருவியைத் தாழ்த்திவிடுவதே பண்பாடு.

இடத்திற்குரியவரின் இசைவும் இன்றியமையாதது. கல்லூரி வளாகங்களில் நிர்வாகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். தாம்பரத்தில் விமானப்படை நிலையம் உள்ளது. பாதுகாப்புத் துறைக்குரிய அத்தகைய இடங்களைப் படமெடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, இன்று இடைவிடாது வண்டிகள் செல்லும் வழித்தடம். நீண்டு குவியும் தண்டவாளங்கள் படத்திற்கு எடுப்பாக இருக்கும் என எண்ணி அவற்றின்மீது நிற்போர் உளர். அத்துமீறி நுழைவது இருப்புப்பாதைச் சட்டப்படி குற்றம். அதனினும் மேலாக, உயிரிழப்புக்கு வழிவகுப்பது. எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

திறந்தவெளி உருவப்படத்திற்குப் பெரும்பொருளோ தொலைதூரப் பயணமோ தேவையில்லை. ஒளியை நோக்கும் பொறுமையும், ஊரை அறியும் ஆர்வமும், எதிரே நிற்பவரை மதிக்கும் மனமும் உடையவருக்குத் தெருமுனையும் ஏரிக்கரையும் வீட்டுத் திண்ணையும் போதும். வேகமாக மாறிவரும் புறநகரில் இன்று எடுக்கப்படும் படம், ஒருவரின் முகத்தோடு அவர் வாழ்ந்த நிலத்தையும் நாளைய தலைமுறைக்குக் காட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓர் இடத்தைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் பார்த்து, ஒளியின் திசையையும் நிழலின் தன்மையையும் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் தெருவில் உழைக்கும் ஒருவரின் இசைவு பெற்று, அவர் பணிபுரியும் இடத்திலேயே படமெடுத்து, அவர் பெயருடன் ஐந்து வரிக் குறிப்பு எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
1. நண்பகல் ஒளி உருவப்படத்திற்குப் பொருந்தாமைக்குக் காரணம் யாது?
2. மேகமூட்டம் ஒளிப்படக் கலைஞருக்கு எவ்வாறு துணைபுரிகிறது?

சிறுவினா
1. மரச்செறிவில் படமெடுக்கும்போது நேரும் குறைகளையும் அவற்றை நீக்கும் வழியையும் எழுதுக.
2. ‘இந்திய மக்கள்’ தொகுதிகள் உருவப்படத்தில் இடத்தின் தேவையை எவ்வாறு உணர்த்துகின்றன?

நெடுவினா
முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பகுப்பு, திறந்தவெளி உருவப்பட இடத்தேர்வுக்குப் பொருந்துமாற்றைச் சேலையூர்ப் பகுதிச் சான்றுகளுடன் விளக்குக.