சட்டம் அறிவோம்: எது குற்றம்? எந்த வகைக் குற்றம்?



குழுக் கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு வருவது உண்டு.

"அக்கா, லோன் ரெண்டு தவணை தவறிப் போச்சு. போலீஸ்ல சொல்லி உள்ளே வச்சுடுவேன்னு வசூலுக்கு வந்தவர் மிரட்டுறார். வைப்பாங்களா?"

"முடியாதும்மா. கடன் கட்ட முடியாமப் போறது குற்றமே இல்ல."

அக்கா சொன்னது சரி. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனால், கொடுத்தவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. (செக் கொடுத்துப் பணமில்லாமல் திரும்பினால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. ஆகவே எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.)

ஆனால், பாங்கில் கட்டச் சொல்லி ஒருவரிடம் கொடுத்த குழுச் சேமிப்பை அவர் வேண்டுமென்றே தன் செலவுக்கு எடுத்துக்கொண்டால்? அது நம்பிக்கை மோசடி. 5 ஆண்டு வரை சிறை உண்டு. இரண்டும் பண விவகாரம்தான். கெட்ட எண்ணம் இருந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

நம் பாட்டி காலத்தில்

பிரெஞ்சு ஆட்சியில் விழிதியூர் உட்பட காரைக்கால் முழுவதற்கும் பிரெஞ்சுச் சட்டம்தான். அதில் தண்டனையின் அளவை வைத்துச் சிறு மீறல், நடுத்தரக் குற்றம், பெருங்குற்றம் என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. 1963 அக்டோபர் 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் இங்கே அமலானது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இன்று ஒரு குற்றம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியுமா?

கொலை, பாலியல் வன்கொடுமை, சங்கிலிப் பறிப்பு, நம்பிக்கை மோசடி போன்றவை வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்கள். இவற்றுக்கு முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.) போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம்.

வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் அடித்துச் சாதாரணக் காயம் என்றால், அது வேறு வகை. போலீஸ் எழுதிக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவார்கள். அவர் உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது.

2. ஜாமீன் உரிமையா?

சிறு குற்றங்களில் ஜாமீன் கேட்பது உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். பெரிய குற்றங்களில் பொதுவாகக் கோர்ட்தான் முடிவு செய்யும். ஆகவே, புகார் கொடுத்த மறுநாளே எதிராளி தெருவில் நடந்து போனால், "கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று மனம் தளராதீர்கள். ஜாமீன் வேறு, விடுதலை வேறு.

3. சமரசம் செய்ய முடியுமா?

சாதாரண அடிதடியில் அடிபட்டவர் சமரசம் ஆகலாம். ஆனால் வரதட்சணை கேட்டுத் துன்புறுத்துவது, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்படி கணவரோ அவர் வீட்டாரோ கொடுமை செய்வது அப்படியல்ல. இதற்கு 3 ஆண்டு வரை சிறை. வழக்குப் பதிவான பிறகு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி எழுதி வாங்கினாலும், அதை வைத்து மட்டும் வழக்கு முடியாது.

இதில் ஒரு விஷயம் குழுவுக்கு முக்கியம். இந்தக் கொடுமைக்குப் போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க, பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோ புகார் சொல்ல வேண்டும். குழு மட்டும் போனால் போதாது. அந்தச் சகோதரியையோ தாய்வீட்டாரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லை தாண்டி நடந்தால்?

வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. நாகூர் போய் வரும் வழியில் சங்கிலியைப் பறித்துவிட்டால் எந்த ஸ்டேஷன் என்று அலைய வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

நினைவில் வையுங்கள்

* எப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள்.
* புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம்.
* சாட்சி விசாரணைக்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.
* பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. போன்: 15100. பெண்கள் உதவிக்கு 181. அவசரத்துக்கு 112.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

நம் தெருவில் நடந்த ஒரு தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். வந்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டி வந்தால், என்ன கேட்க வேண்டும் என்பது அப்போது நமக்குத் தெரிந்திருக்கும்.