அடங்காத விண்டோக்களும் அடக்கும் வழிகளும்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



இது கணினி யுகம். சாதிச் சான்றிதழ் முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாம் திரையில்தான் நடக்கிறது. அந்தத் திரையில் நாம் திறக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜன்னல் உண்டு. தமிழில் 'சாளரம்' என்று எழுதுகிறார்கள். லேபில் நாம் சொல்வது 'விண்டோ' என்பதால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

இந்த விண்டோ சில நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது. உறைந்து நிற்கும். காணாமல் போகும். திரைக்கு வெளியே ஓடிவிடும். உடனே நம்மில் பலர் செய்வது என்ன? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான். சேவ் செய்யாத டிராயிங் போச்சு, புரோகிராம் போச்சு. செய்முறைத் தேர்வில் இப்படி நடந்தால் மூன்று மணி நேர உழைப்பும் போச்சு. பவர் பட்டன் கடைசி மருந்து, முதல் மருந்து அல்ல. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொஞ்சம் வரலாறு

1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0-ல் விண்டோக்கள் தரையில் ஓடு பதித்த மாதிரி பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. 1987-ல் வந்த விண்டோஸ் 2.0-ல்தான் ஒன்றை ஒன்று மறைக்க ஆரம்பித்தன. வசதி வந்தது, கூடவே "அடியில் இருந்தது எங்கே போச்சு?" என்ற கேள்வியும் வந்தது.

1. உறைந்துபோன விண்டோ

எங்கள் தேவர்சோலைப் பக்கம் கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். நிறுப்பவர் ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுவார். அவர் வேறு வேலையாக உள்ளே போய்விட்டால் வரிசை அப்படியே நிற்கும். பின்னால் இருந்து தள்ளினால் எடை சீக்கிரம் நடக்குமா?

விண்டோவும் அப்படித்தான். நாம் செய்யும் ஒவ்வொரு கிளிக்கும், தட்டும் ஒவ்வொரு கீயும் ஒரு செய்தியாகி வரிசையில் நிற்கிறது. புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். சுமார் 5 விநாடி அது வரிசைப் பக்கமே வராவிட்டால், 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று விண்டோஸ் தலைப்பில் எழுதிவிடும். இதற்கு அர்த்தம் புரோகிராம் செத்துவிட்டது என்பதல்ல. இன்னும் பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே. பெரிய ஃபைலைத் திறந்துகொண்டிருக்கலாம், பிரிண்டருக்குக் காத்திருக்கலாம்.

ஆகவே கோபத்தில் பத்து தடவை கிளிக் செய்யாதீர்கள், வரிசைதான் நீளும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அந்த புரோகிராமின் சி.பி.யு., டிஸ்க் எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் அது வேலை செய்கிறது, பொறுத்திருங்கள். பல நிமிடம் கழித்தும் அசைவே இல்லையென்றால் அதை மட்டும் 'எண்ட் டாஸ்க்' செய்யுங்கள். மற்ற விண்டோக்கள் பிழைத்துக்கொள்ளும்.

பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் உறைந்த விண்டோவின் மேல் இன்னொன்றை இழுத்தால் கோடு கோடாகத் தடம் விழும். காரணம் இதுதான்: மூடுபனி விலகினால் தேயிலைச் செடி தானாகத் தெரியும், ஆனால் எக்ஸ்பியில் மேலே மறைத்தது விலகியதும் புரோகிராம் திரும்ப வரைய வேண்டும். உறைந்தது எப்படி வரையும்? விஸ்டாவில் இருந்து ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் தனித்தனியாக நினைவகத்தில் வைக்கும் முறை வந்தது. அதனால் அந்தத் தடம் மறைந்தது.

2. காணாமல் போன விண்டோ

கீழே டாஸ்க்பாரில் பெயர் இருக்கும். கிளிக் செய்தால் திரையில் ஒன்றும் வராது. பெரும்பாலும் புரொஜெக்டரோ இரண்டாவது மானிட்டரோ மாட்டிக் கழற்றிய பிறகு இப்படி ஆகும். விண்டோ இல்லாத திரையில் போய் உட்கார்ந்திருக்கும்.

வழி: ஆல்ட், டேப் அழுத்தி அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட், ஸ்பேஸ் பார் சேர்த்து அழுத்தி, பிறகு 'எம்' எழுத்தைத் தட்டுங்கள். ஏதாவது ஒரு அம்புக்குறி கீயை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை நகர்த்துங்கள். விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 'எம்' வேலை செய்யாவிட்டால் முதலில் 'ஆர்' தட்டிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். விண்டோஸ் கீயும் 'பி'யும் அழுத்தி, 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்று வைத்தாலும் சரியாகும்.

எங்கள் லைனில் ஒரு அக்காவின் மடிக்கணினிக்கு இதே நோய்தான். "டிஸ்பிளே போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். அதில்தான் அவருடைய சான்றிதழ்களின் ஸ்கேனும், இறந்துபோன பாட்டியின் படங்களும் இருந்தன. நான்கு கீ தட்டியதும் விண்டோ திரும்பி வந்தது.

3. திரையைவிட உயரமான விண்டோ

சின்னத் திரையில் 'ஓகே' பட்டன் அடியில் மறைந்துவிடும். டேப் கீயால் ஒவ்வொன்றாக நகர்ந்து என்டர் தட்டலாம். அல்லது டிஸ்பிளே செட்டிங்கில் எழுத்தின் அளவைக் குறைக்கலாம். முழுத்திரையாகி மூடும் குறியே தெரியாவிட்டால் எஃப் 11 தட்டுங்கள்.

4. டாஸ்க்பாரே போய்விட்டால்

டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திறந்திருக்கும் உங்கள் டாகுமென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. திரை முழுக்கக் கறுத்து நின்றால், விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டி கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

5. லினக்ஸில்

சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸைப் பலர் பார்த்திருப்பீர்கள். லினக்ஸில் விண்டோக்களை அடுக்கிவைக்க 'விண்டோ மேனேஜர்' என்று தனிப் புரோகிராம் உண்டு. ஆல்ட், எஃப் 2 அழுத்தி 'எக்ஸ்கில்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் மவுஸ் குறி மாறும். உறைந்த விண்டோவைத் தொட்டால் அது மட்டும் மூடும். புதிய வேலண்ட் முறையில் இது எல்லா விண்டோவுக்கும் செல்லாது. அங்கே சிஸ்டம் மானிட்டரில் நிறுத்தலாம்.

முடிவாக...

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அண்ணன், அக்காக்கள் வாங்கிய கணினிகள் பல வீடுகளில் பீரோவுக்குள் தூங்குகின்றன. எல்லாமே கெட்டுப்போனவை அல்ல. கூடலூருக்கோ ஊட்டிக்கோ சுமந்து போய்க் காசு கொடுக்கும் முன், மேலே சொன்ன ஐந்தையும் ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டில் தம்பி தங்கைக்கும் சொல்லிக்கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ட்ரோல், 'எஸ்' தட்டும் பழக்கம் மட்டும் இருந்தால், மழைக்காலத்தில் மின்சாரம் போனாலும் நம் உழைப்பு போகாது!