கூடி விற்றால் கோடி நன்மை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை கட்டப்பட்டுள்ள ஊர் ஆனைக்குட்டம். இவ்வட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் உள்ள இடங்களில் காய்கறி விளைகிறது. மானாவாரிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கொத்தமல்லி பயிராகின்றன.

ஒருபுறம் விருதுநகர், பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் மொத்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற சந்தை. மறுபுறம் சிவகாசி, பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி வாழும் பல்லாயிரம் குடும்பங்கள் அன்றாடம் உணவுப் பொருள் வாங்கும் நகரம். இருபுறமும் வாங்குவோர் இருந்தும், நடுவில் உள்ள சிறு விவசாயி களத்துக்கு வந்தவர் கேட்ட விலைக்கே கொடுக்க நேர்கிறது. இதற்கு முதற்காரணம் ஒவ்வொருவரிடமும் உள்ள சரக்கு கொஞ்சமாக இருப்பதே.

ஒரு கணக்கு

ஒரு விவசாயியிடம் 3 குவிண்டால் உளுந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை ரூ.600 என்றால் குவிண்டாலுக்கு ரூ.200 செலவு. அவரைப் போன்ற 20 பேர் சேர்ந்தால் 60 குவிண்டால் ஆகும். லாரி வாடகை ரூ.3,000 என்றாலும் குவிண்டாலுக்கு ரூ.50 தான். மிச்சம் ரூ.150. மேலும், 3 மூடைக்காக எந்தப் பருப்பு ஆலையும் ஆள் அனுப்பாது. ஒரே தரத்தில் 60 மூடை என்றால் விலை பேச வருவார்கள். இவ்வாறு பலரது சரக்கை ஓரிடத்தில் சேர்த்து, தரம் பிரித்து, எடை போட்டு, வாங்குவோரிடம் சேர்ப்பதே விளைபொருள் தொகுப்பு மையத்தின் பணியாகும்.

முன்னோடிகள் காட்டும் வழி

இக்கருத்து நமக்குப் புதிதன்று. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தொடங்கப்பட்டது. சரியான எடையும் வெளிப்படையான ஏலமும் அதன் நோக்கங்கள். 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை, காய்கறி விவசாயியை நுகர்வோருடன் நேரில் இணைத்தது. ஆயினும் அங்கே விற்பவர் அரை நாள் வயலை விட்டு வரவேண்டும். பயறு, தானியங்களை மூடைக்கணக்கில் விற்கவும் அது ஏற்றதன்று.

1946-இல் குஜராத்தில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் அமைத்த கூட்டுறவு ஒன்றியம் மற்றொரு பாடம். ஒரு லிட்டர் பால் கொண்டுவந்தவருக்கும் அளவும் தரமும் பார்த்தே பணம் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களின் பால் கூட்டுறவுச் சங்கங்களும் அம்முறையில் இயங்குகின்றன. காலையில் பால் சங்கத்துக்குப் போகும் விவசாயிக்குத் தொகுப்பு மையம் என்பது பழகிய ஏற்பாடுதான். அதனைப் பயறுக்கும் காய்கறிக்கும் விரிக்க வேண்டும்.

மையத்தின் பணிகள்

1. காயவைத்தல்: பயறு வகைகளை 10 சதவீத ஈரப்பதம் வரை காயவைத்துக் கொண்டுவரச் செய்தல். ஈரச் சரக்கு ஒரு மூடை சேர்ந்தாலும் முழு அடுக்கும் வண்டுக்கும் பூசணத்துக்கும் இரையாகும்.

2. தரம் பிரித்தல்: கல், மண், சொத்தை நீக்கிச் சலித்து, ரகம் கலவாமல் தனித்தனியே அடுக்குதல்.

3. எடை: உறுப்பினர் எதிரில் மின்னணுத் தராசில் எடை போட்டு, உடனே ரசீது தருதல்.

4. விலை: விருதுநகர் சந்தை விலையையும் அருகிலுள்ள விற்பனைக் கூடத்தின் ஏல விலையையும் நாள்தோறும் பலகையில் எழுதுதல்.

5. முன்பேச்சு: பருப்பு ஆலைகள், உணவு விடுதிகள், மாணவர் விடுதிகள் ஆகியவற்றின் வாராந்திரத் தேவையை விதைப்புக்கு முன்பே கேட்டறிதல்.

பணம் தாமதிக்கக் கூடாது

பல மையங்கள் தோற்கும் இடம் இதுவே. வீட்டுச் செலவுக்கு உடனே பணம் வேண்டியவர், சங்கம் தரும் நாள் வரை காத்திருக்க இயலாது. குவிண்டாலுக்கு ரூ.100 குறைந்தாலும் ரொக்கம் தருபவரிடமே போவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உண்டு. அவ்வாறு பெற்ற தொகையை உடனே பகிர்ந்து கொடுத்து, விலை ஏறும்போது விற்று மீதியைத் தீர்க்கலாம். நிபந்தனைகளை விற்பனைக் கூடக் கண்காணிப்பாளரிடம் கேட்டறிக.

இவ்வட்டாரத்துக்கு இது மிக முக்கியம். வேலைக்குக் கூலி உடனே கைக்கு வரும் பட்டாசு ஆலைகள் அருகிலேயே உள்ளன. ஆபத்தான தொழில் என்று தெரிந்தும் குடும்பங்கள் அங்கே செல்வது அந்த வருமானத்துக்காகவே. விற்ற பணத்துக்கு மாதக்கணக்கில் அலைய வைக்கும் விவசாயத்தில் இளைஞர்கள் நிற்க மாட்டார்கள்.

எவ்வாறு தொடங்குவது?

தமிழ்நாட்டில் 2017-18 முதல் செயல்படுத்தப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 விவசாயிகள் ஓர் ஆர்வலர் குழுவாகவும், ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாகவும் அமைக்கப்பட்டன. உங்கள் ஊரில் அத்தகைய குழு இருப்பின் அதையே அடித்தளமாகக் கொள்ளலாம். வியாபாரம் வளர்ந்தபின், 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு.

கட்டடம் முதலில் வேண்டாம். ஒரு பயிர், 20 பேர், ஒரு பொதுக் களம், ஒரு தராசு, ஒரு கணக்கு நோட்டு, இவை போதும். கணக்கு நோட்டை எந்த உறுப்பினரும் எப்போதும் பார்க்கலாம் என்பதை முதல் விதியாக வையுங்கள். வியாபாரிகளைப் பகைக்க வேண்டியதில்லை. சுத்தமான சரக்கைச் சொன்ன நாளில் கொடுத்தால் நல்ல வியாபாரிகள் தாமே தேடி வருவர்.

புரட்டாசி விதைப்புக்கு முன் ஒரு மாலை கூடி, 20 பேரும் ஒரே உளுந்து ரகம் விதைப்பதென முடிவு செய்யுங்கள். அறுவடை வரும்போது சரக்கு ஒரே தரமாக இருக்கும். விற்பனையின் முதல் வேலை விதைப்பு நாளிலேயே தொடங்குகிறது.