நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு

சிவகாசி, சாத்தூர் பக்கம் இதய பைபாஸ் ஆபரேஷன் என்றாலே மதுரைக்கு வண்டி பிடிப்பார்கள். அவசரம் இல்லையென்றால் ஆஞ்சியோகிராம் சி.டி.யைக் கேட்டு வாங்கி, இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இதே ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கத்தி வைக்கப்போவது நீங்கள்தானா? வீட்டுக்குப் போனபின் யாரைக் கூப்பிடுவது? முகம் சுளிப்பவரை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. இருந்தால் ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனில் திறந்து, கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம், நன்றாக இறுக 3 மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், பட்டாசுப் பெட்டி, பைக் எதுவும் வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். எழும்போது கையை ஊன்றாமல், ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு எழுங்கள்.

பட்டாசு மருந்துத் தூசும் வெடிப்புகையும் உள்ள இடத்துக்கு டாக்டர் சொல்லும்வரை திரும்பாதீர்கள். விருதுநகர் எண்ணெய் பரோட்டா? சொந்தக்காரர்கள் பொட்டலத்தோடுதான் பார்க்க வருவார்கள், வாசலிலேயே மறுத்துவிடுங்கள்.

காய்ச்சல், தையலில் சீழ், எலும்பில் 'கடக்' சத்தம், இரண்டே நாளில் ஒன்றரை கிலோ எடை கூடுதல் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சு முட்டினால் 108.