ஐந்தில் எஞ்சிய ஒரு தாய்

உயிர்ப் பல்வகைமை பற்றிக் கற்றபோது, அழிந்துபோன இனங்களின் பெயர்கள் பலவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அழிவின் வாசல் வரை சென்று திரும்பிய இனம் ஏதும் உண்டா என்று தேடியபோது அறிந்ததுதான் கறுப்பு ரொபின் பறவையின் வரலாறு.

நியூசிலாந்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவில் சதாம் தீவுகள் உள்ளன. சிட்டுக்குருவியளவான, உடல் முழுவதும் கறுத்த இப்பறவை உலகில் வேறெங்கும் இல்லை. பதுங்கி வந்து பாயும் விலங்குகள் அங்கு இருக்கவில்லை. ஆகவே அவற்றுக்கு அஞ்சவும் அது பழகவில்லை. பின்னர் குடியேறிய மனிதர் காடுகளை அழித்தனர். அவர்களோடு பூனைகளும் எலிகளும் வந்தன. ஈற்றில், செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த சின்ன மங்கெரே என்னும் சிறு தீவில் மாத்திரம் ரொபின்கள் எஞ்சின.

1976இல் அங்கு இருந்தவை ஏழே ஏழு. காடும் பட்டுக்கொண்டிருந்தது. எனவே அவற்றைப் பிடித்து, அருகிலுள்ள மங்கெரே தீவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே 120,000 மரக்கன்றுகள் நடப்பட்டன. எனினும் 1980இல் தொகை ஐந்தாகக் குறைந்தது. அவற்றுள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கக்கூடிய பெண் பறவை ஒன்றே ஒன்றுதான். காலில் மாட்டிய நீல வளையத்தால் அதற்கு ‘ஓல்ட் புளூ’ என்று பெயர். பத்து வயதை நெருங்கிய அது, தன் இனத்தில் ஒரு கிழவி.

டொன் மேர்ட்டன் தலைமையிலான குழுவினர் துணிச்சலான ஒரு வழியைக் கையாண்டனர். கூட்டிலுள்ள முட்டைகள் இல்லாமற்போனால் ரொபின் மீண்டும் முட்டையிடும். ஆகவே முதலிட்ட முட்டைகளை எடுத்து வேறினப் பறவையின் கூட்டில் வைத்தனர். முதலில் தெரிவுசெய்த வாபிளர் பறவை அடைகாத்தது. ஆனால் குஞ்சுகளுக்குப் போதிய இரை ஊட்ட அதனால் முடியவில்லை. பின்னர் ரங்கட்டிரா தீவிலுள்ள டொம்டிட் பறவைகளிடம் முட்டைகளைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். அவை நல்ல செவிலித் தாய்களாயின.

இவ்விடத்தில் என் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு பயணத்தின்போது குஞ்சுகளை இழந்து தவித்த பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள் என்பதை ஹதீஸில் படித்திருக்கிறோம். அப்படியாயின் தாயின் முட்டையை எடுப்பது தகுமா? சிந்தித்தபோது வித்தியாசம் புரிந்தது. இங்கு எடுக்கப்பட்டது தமக்காக அல்ல, அந்தத் தாயின் சந்ததிக்காகவே. டொம்டிட் வளர்த்த குஞ்சுகள் தம்மை டொம்டிட்டாகவே எண்ணத் தொடங்கியபோது, குஞ்சுகளை உரிய காலத்தில் ரொபின் கூட்டுக்கே திருப்பிச் சேர்த்தனர்.

ஆயினும் அன்பிலும் தவறு நேரலாம். சில பறவைகள் கூட்டின் விளிம்பில் முட்டையிட்டன. அவை பொரிக்கமாட்டா என்பதால் பணியாளர்கள் அவற்றை உள்ளே தள்ளி வைத்தனர். அக்குறைபாடு பரம்பரையாகக் கடத்தப்பட்டு, 1989 அளவில் பெண் பறவைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் காணப்பட்டது. தள்ளி வைப்பதை நிறுத்திய பின் அப்பழக்கம் படிப்படியாகக் குறைந்தது. எப்போது உதவ வேண்டும் என்பதோடு, எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதையும் பாதுகாவலர் அறிந்திருக்க வேண்டும்.

ஓல்ட் புளூ 11 குஞ்சுகளுக்குத் தாயானது. இன்று வாழும் ஏறத்தாழ 300 கறுப்பு ரொபின்களும் அதன் வழித்தோன்றல்களே. ஆனாலும் அவை இரண்டு சிறு தீவுகளிலேயே வாழ்கின்றன. ஒரு சோடி எலிகள் படகில் சென்று இறங்கினாலும் ஆபத்துத்தான்.

நாமும் ஒரு தீவில் வாழ்பவர்கள். உலகில் வேறெங்குமில்லாத முப்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் எமது நாட்டில் உண்டு. வளர்க்க விருப்பமில்லாத பூனைக்குட்டிகளைக் காட்டோரத்தில் விட்டுவரும் வழக்கம் எம்மிடையே இருக்கிறது. பூனை மீது குற்றமில்லை. பசித்தால் அது வேட்டையாடும். அதை அங்கு கொண்டுபோய் விடுபவர் நாமே. பெற்றோரே, சகோதரிகளே, அந்த ஒரு பழக்கத்தையாவது இன்றே நிறுத்துவோம். படைப்புகள் அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஐந்தாகக் குறையும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.