முதலில் தூரம், பிறகு சோக்

ஷாட்கன் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எவ்வளவு தூரம் சுடும்?" என்பதுதான். அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். நான் சுடப்போகும், வானில் எறியப்படும் தட்டோ பறவையோ எத்தனை கெஜத்தில் இருக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் குழலையும் சோக்கையும் தேர்ந்தெடுப்பது, அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வது மாதிரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பறவை வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. இங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் ரேஞ்சில் தட்டு உடைக்கத்தான். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ட்ராப் அந்த வகை. பறவை பற்றிக் கீழே வருவது, உரிமமும் பருவமும் வைத்து வேட்டையை அனுமதிக்கிற அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்கானது.

சோக் என்பது குழல் வாய்க்கு அருகே கடைசிச் சில அங்குலத்தில் கொடுக்கும் இறுக்கம். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 0.729 அங்குலம், அதாவது 18.5 மி.மீ. வாயில் அதைவிட எவ்வளவு குறைகிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக, லேத் பட்டறையில் சொல்லும் 'தௌ' கணக்கில், அளப்பார்கள். இறுக்கமே இல்லையென்றால் சிலிண்டர். 5 தௌ ஸ்கீட், 10 இம்ப்ரூவ்டு சிலிண்டர், 20 மாடிஃபைடு, 35 முதல் 40 வரை ஃபுல். பிரிட்டிஷ்காரர்கள் இதையே, இம்ப்ரூவ்டு சிலிண்டரைக் கால், மாடிஃபைடை அரை, ஃபுல்லை முழு, நடுவில் வருவதை முக்கால் என்று சொல்வார்கள். நமக்கு அது இன்னும் சுலபம். இறுக்கம் கூடினால் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள், தள்ளிப் போய் விரியும். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சிலிண்டர் சுமார் 40 சதவீத ரவையைப் போடும். கால் சோக் 50, அரை 60, முழு 70.

கவனிக்க வேண்டியது குழலுக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசத்தை. வாயின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயத்தைக் குழல் வாயில் வைத்து, உள்ளே போகவில்லை என்றால் ஃபுல் என்று சொல்லும் பழைய வழக்கம் உண்டு. அதை நம்பாதீர்கள். இன்று பல குழல்களை 0.740 அங்குலம் வரை அகலமாகக் கடைகிறார்கள். அதில் ஃபுல் சோக் போட்டாலும் நாணயம் உள்ளே போய்விடலாம்.

இனி தேர்வு. தட்டு சுடும் இன்னொரு போட்டியான ஸ்கீட்டில் தட்டுகள் ஏறக்குறைய 20 மீட்டருக்குள்ளேயே உடையும். சிலிண்டர் அல்லது ஸ்கீட் சோக், 2 மி.மீ. அளவுள்ள 9ஆம் எண் ரவை. யோசிக்க வேறு ஒன்றும் இல்லை. ஒலிம்பிக் ட்ராப் அப்படியல்ல. எறியும் இயந்திரம் உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் குழிக்குள் இருக்கிறது. தட்டு அங்கிருந்து உங்களை விட்டு விலகி 76 மீட்டர் வரை பறக்கும். நிதானமாகச் சுடுபவரின் முதல் குண்டு 30, 35 மீட்டரில் போய்ச் சேரும், இரண்டாவது 40ஐத் தாண்டிவிடும். அதோடு, 11 செ.மீ. அகலத் தட்டின் முகம் உங்களுக்குத் தெரிவதில்லை, இரண்டரை செ.மீ. உயர விளிம்புதான் தெரிகிறது. ரவைக்கும் ரவைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் தட்டு தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் ட்ராப்காரர்கள் இரட்டைக் குழல் துப்பாக்கியின் முதல் குழலில் அரை அல்லது முக்கால், இரண்டாவதில் முழு சோக் வைக்கிறார்கள்.

வேட்டையில் ஆசைக்குத்தான் கடிவாளம் வேண்டும். காடை கிளம்பும்போது 15 முதல் 25 கெஜம். நாயின் முன்னால் எழும் ஃபெசன்ட் கோழி 20, 30. மரவாத்துகளை மிதக்கவிட்டு வரவழைக்கும் வாத்து 20 முதல் 35. இந்தத் தூரங்களுக்கு ஃபுல் சோக் தேவையே இல்லை. கிட்டத்தில் அது ஒன்று தவறவிடும், அல்லது பறவையைச் சமையலுக்கு ஆகாமல் சிதைத்துவிடும். முதல் குழலில் கால், இரண்டாவதில் அரை போதும். பறவை விலகிப் போகிறவரை இந்த வரிசை சரி. பிரிட்டனில் ஆட்கள் கலைத்து விட, உங்களை நோக்கி வரும் பறவைக்கு வரிசை தலைகீழ்: முதல் குண்டு தூரத்தில், இரண்டாவது பக்கத்தில். பக்கவாட்டு இரட்டைக் குழலில் இரண்டு விசை இருப்பதன் பயன் அங்கேதான். பின் விசையை முதலில் இழுத்தால் இறுக்கமான இடது குழல் வெடிக்கும்.

வாத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை கூடாது. எஃகு ரவை கடினமானது. குழலுக்குள் நசுங்காது, எனவே ஈயத்தைவிட நெருக்கமாகப் போகும். ஈயத்துக்கு வைப்பதைவிட ஒரு படி தளர்ந்த சோக் வையுங்கள். பழைய மெல்லிய குழல்களிலும் டமாஸ்கஸ் குழல்களிலும் எஃகு ரவையைப் போடவே கூடாது.

குழல் நீளத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது கரிமருந்துக் காலத்துப் பேச்சு. இன்றைய மருந்தில் ஓர் அங்குலம் கூடினால் வேகம் நொடிக்கு ஐந்து, பத்து அடி கூடலாம், அவ்வளவே. நீளத்தின் பயன் துப்பாக்கியை வீசித் திருப்புவதில் இருக்கிறது: 30, 32 அங்குலக் குழல் ஒருமுறை நகரத் தொடங்கினால் சீராகப் போகும், பாதியில் நிற்காது. தட்டுக்கு அது நல்லது. புதருக்குள் நாள் முழுக்கத் தூக்கி நடக்க 26 அல்லது 28 போதும்.

இப்போது பலரும் தவிர்க்கிற வேலை: தாளில் சுட்டுப் பார்ப்பது. சோக்கில் 'மாடிஃபைடு' என்று பொறித்திருப்பது தயாரிப்பாளரின் எதிர்பார்ப்பு. உங்கள் தோட்டா அதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். நாலடிக்கு நாலடித் தாளைச் சட்டத்தில் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, 40 கெஜத்தில், அதாவது 36.5 மீட்டரில் நின்று ஒரே ஒரு குண்டு சுடுங்கள். துளைகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தின் நடுவைக் கண்டுபிடித்து, 15 அங்குல நூலில் பென்சில் கட்டி வட்டம் போடுங்கள். வட்டத்தை நாலாகப் பிரித்து, எண்ணிய துளையை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொண்டே போனால் எண்ணிக்கை குழம்பாது. 24 கிராம் தோட்டாவில் அமெரிக்க ஏழரை எண் ரவை ஏறக்குறைய 300 இருக்கும். வட்டத்துக்குள் 180 விழுந்தால் 60 சதவீதம். சோக்கில் எது பொறித்திருந்தாலும் உங்களிடம் இருப்பது அரைச் சோக். ஒரு தாளை வைத்து முடிவு கட்டாமல் ஒரு சோக்குக்கு, ஒரு தோட்டா வகைக்கு, ஐந்து தாளாவது பாருங்கள். பிறகு அட்டையில் 11 செ.மீ. வட்டம் வெட்டித் தாளின் மேல் நகர்த்துங்கள். ஒரு துளையும் படாமல் அது உட்காரும் இடங்கள்தான் உங்கள் தட்டு தப்பிக்கும் ஓட்டைகள். ஸ்கீட் சுடுபவர் இதை 20 மீட்டரில் செய்தால் போதும்.

அதே தாளில் இன்னொரு விஷயமும் தெரியும். அடர்த்தியின் நடு, நீங்கள் பார்த்த புள்ளியில் விழுகிறதா? மேல்-கீழ் குழலில் இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ட்ராப் துப்பாக்கி கொஞ்சம் மேலே போடுவது குறையல்ல. தட்டு ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கவாட்டில் விலகினால் மட்டும் துப்பாக்கி வேலைக்காரரிடம் போங்கள்.

கழற்றி மாட்டும் சோக் வைத்திருப்பவர்களுக்கு: தோட்டா இல்லை என்று திறந்து பார்த்த பிறகே கையை வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். சோக் இல்லாமல் சுட்டால் குழலின் மரை கெடும். தளர்ந்த சோக்கோடு சுட்டாலும் அதே கதி. இருபது, முப்பது தோட்டாவுக்கு ஒருமுறை இறுக்கம் பாருங்கள், நாள் முடிவில் துடைத்து மரையில் கிரீஸ் தடவுங்கள். பிரவுனிங் சோக் பெரெட்டாவில் ஏறாது. பெரெட்டாவுக்குள்ளேயே மொபில்சோக் வேறு, ஆப்டிமா வேறு. பெரெட்டா சோக் விளிம்பில் ஒரு குறி இருந்தால் ஃபுல், ஐந்து குறி இருந்தால் சிலிண்டர். எண்ணிக்கை கூடக் கூட இறுக்கம் குறையும்.

புதிதாகத் தட்டு சுடத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 30 அங்குல மேல்-கீழ் குழல், கூடவே வரும் ஐந்து சோக்கில் காலும் அரையும். ஒவ்வொரு நிலையிலும் சோக் மாற்றிக்கொண்டிருப்பவரின் கவனம் தட்டில் இருப்பதில்லை. கடைக்காரர் காட்டும் பளபளக்கும் விலையுயர்ந்த சோக்குகளை அங்கேயே விட்டுவிட்டு, அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள்.