பெட்ரோல் வழியாராய்ச்சி

1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டிய ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் விளங்கும் கோவையில், பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உளர். அத்தகைய பந்தய வண்டியொன்று மேட்டில் ஏறுங்கால் திணறி நிற்குமாயின், உடனே கார்புரேட்டரைப் பிரித்தல் தகாது என யாம் கற்றோம்.

முதற்கண் தொட்டியின் மூடியைத் தளர்த்துக. அதனால் வண்டி ஓடுமேல், மூடியின் காற்றுத்துளை அடைபட்டதென்க. ஓடாவிடில், எஞ்சின் ஆறியபின், தீப்பொறி எழாவண்ணம் மின்னிணைப்பை நீக்கிக் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றிக் கலத்தில் விட்டு, எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றுக. பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிட்டு வருமேல், பம்புவரை குற்றமில்லை. மிதவையறையின் ஊசி வால்வையும் ஜெட்டையும் நோக்குக. வாராவிடில் பம்பு, வடிகட்டி, குழாய் ஆகியவற்றை முறையே ஆராய்க. அருகில் நெருப்பு வேண்டா. ஒரு பொறி உயிரையே கொள்ளும்.

ஒன்றைச் சோதித்துப் பயன் கண்டபின்னரே மற்றொன்றைத் தொடுதல் நூலாராய்ச்சிக்கும் ஒக்கும். மாணவ நண்பர்காள், காரணம் காணுமுன் கருவி எடாதீர்!